மலையின் அறிகுறியும் மனிதரின் அனுபவமும்

(கேமரன் மலை, கோலா தெர்லாவில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பேரிடர் நடந்து முடிந்ததும் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழும். ஒன்று அதிகாரிகளும் பொறியாளர்களும் பேசுவது. எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை மீட்டர் சரிவு, எவ்வளவு மண் என்று கணக்குச் சொல்லும் பேச்சு அது. இன்னொன்று லயத்து வாசலிலும் கோயில் மண்டபத்திலும் சாவு வீட்டுத் திண்ணையிலும் நடப்பது. "முதல் நாளே எனக்கு மனசு சரியில்லை", "அம்மா கனவிலே வந்து போகச் சொன்னாங்க", "நாய் ராத்திரி முழுக்க ஊளையிட்டது", "செத்துப் போன பிள்ளை இன்னும் வாசல்லே நிக்குது." இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அறிக்கை எழுதுகிறவர் இரண்டாவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார். அனுபவப்பட்டவரோ முதலாவதைத் தனக்குச் சம்பந்தமில்லாத காகிதம் என்று ஒதுக்குகிறார். இந்த ஒதுக்கல் உயிர்களைப் பலி வாங்குகிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மனித அனுபவத்தைக் கேலி செய்வது அறிவியல் ஆகாது. அதை அப்படியே நம்பிவிடுவதும் அறிவியல் ஆகாது. கேட்டு, நாள் நேரம் போட்டு எழுதி, நடந்ததோடு ஒத்துப் பார்ப்பதுதான் அறிவியல். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கோலா தெர்லாவிலேயே செய்யலாம்.

நாம் வாழும் மலை

முதலில் நம் மலையைத் தெரிந்துகொள்வோம். கேமரன் மலையின் பெரும்பகுதி கருங்கல். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் வெப்பமண்டலத்தில் அந்தக் கருங்கல் லட்சக்கணக்கான ஆண்டுகளாக உளுத்து உளுத்து மண்ணாகியிருக்கிறது. பல இடங்களில் நாம் பாறை என்று நினைத்து நிற்பது தடித்த மண்போர்வையின் மேல்தான். ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்துக்குப் போகும்.

ஈரமணலைப் பிடித்துக் கூம்பாகக் குவிக்கும் குழந்தையைப் பாருங்கள். காய்ந்த மணல் நிற்காது, சிறிது ஈரமிருந்தால் நிற்கும், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் கரைந்து படுத்துவிடும். மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு ஈரம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. மழை விடாமல் பெய்து துளைகள் நிறைந்தால் அதே நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. மண்துளையின் நீரழுத்தம் மண்ணின் வலுவைத் தின்றுவிடுகிறது என்ற இந்த விதியைக் கார்ல் தெர்சாகி என்ற பொறியாளர் 1920களிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஆகவே மண்சரிவு எதனால் நடக்கிறது என்பதில் இன்று மர்மம் ஏதும் இல்லை. சரிவின் அடியை வெட்டினால், மேலே பாரம் ஏற்றினால், வாய்க்காலை அடைத்தால், வேர் பிடித்திருந்த மரத்தை எடுத்தால், அதன்மேல் மழையும் நின்று பெய்தால், மலை இறங்கும்.

இறங்கியும் இருக்கிறது. 1961 மே 1 அன்று ரிங்லெட்டில் நடந்த மண்சரிவில் 16 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழைக்குப் பிறகு சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டு நவம்பரில் அதே பகுதியில் மீண்டும் சேறும் சாவும். 2024 ஜனவரி 26 அன்று, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க புளூ வேலியில், மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த ஐந்து தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

அணையைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்துத் தெலோம் ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பக்கம் கொண்டுபோகப்பட்டு ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. 1960களின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காக அமைத்த ஏற்பாடு இது. வெட்டிய சரிவுகளிலிருந்து கரையும் மண்ணும் நீரோடு போய் அந்த ஏரியில்தான் படிகிறது. மண் நிறைய நிறைய ஏரி தாங்கும் நீர் குறைகிறது. கனமழை நாளில் மதகைத் திறந்துதான் ஆகவேண்டிய நிலை விரைவாக வருகிறது. மலையின் மேல்பக்கத்தில் ஒருவர் பொறுப்பில்லாமல் வெட்டும் மண், கீழ்ப்பக்கத்தில் ஒருவர் தூங்கும் வீட்டுக்குள் போகிறது.

உடல் முதலில் அறிவது

இனி அனுபவங்களுக்கு வருவோம். பேரிடரை ஒட்டி மக்கள் சொல்லும் விளங்காத அனுபவங்களை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் மூன்றுமே வீணாகிவிடும்.

முதல் வகை, உடல் அறிந்ததும் வாய்க்குச் சொல்லத் தெரியாததும். "ஏதோ சரியில்லை என்று தோன்றியது" என்று சொல்கிறவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டால், அந்த 'ஏதோ'வுக்குள் பல செய்திகள் இருக்கும். ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்திருக்கும். அல்லது மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடை திடீரென்று வற்றியிருக்கும். மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை மறித்திருக்கிறது என்று அதற்குப் பொருள். முன்தினம் வரை சரியாக மூடிய கதவு இன்று இறுகும். வேலிக்கம்பம் சாய்ந்திருக்கும். பச்சை மண் வாடை மூக்கில் ஏறும். தூரத்தில் லாரி போவதுபோல் உறுமல் கேட்கும், சாலையில் லாரி இருக்காது.

இவை அத்தனையும் உலகெங்கும் மண்சரிவு ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கும் அறிகுறிகள். 1993 டிசம்பர் 11 அன்று சரிந்து 48 உயிர்களைக் கொண்டுபோன ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில், சரிவதற்கு முந்தைய நாள்களிலேயே சாலையிலும் சுவரிலும் விரிசல் அகன்றதைக் குடியிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி முகாமில் 31 பேர் இறந்தபோது, உயிர் தப்பியவர்கள் வெடிச்சத்தம் போன்ற ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதி அழிந்த இரவில், தண்ணீரில் வந்த சேற்று வாடையை வைத்தே வீட்டைவிட்டுக் கிளம்பித் தப்பியவர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேற்று வெள்ளம் புறப்படும்போது நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வொலியையும் எழுப்புகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் அந்த ஒலியைப் பிடிக்கும் கருவிகளை வைத்து எச்சரிக்கை முயற்சிகள் நடந்துவருகின்றன. இத்தகைய ஒலி மனிதர் மனத்தில் காரணமற்ற அச்சத்தைத் தருமா? இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக் டாண்டி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேய் நடமாடுவதாகச் சொல்லப்பட்ட ஆய்வுக்கூடத்தில் அவரும் குளிர்ந்து வியர்த்து, ஓரக்கண்ணில் ஒரு சாம்பல் உருவம் கண்டிருக்கிறார். தேடிப் பார்த்தபோது, ஒரு காற்றாடி விநாடிக்குச் சுமார் 19 அதிர்வுள்ள ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் உருவம் போயிற்று. இந்த முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. இன்றும் வாதம் நடக்கிறது. என்றாலும் டாண்டி சென்ற வழி நமக்கு வேண்டியது. அவர் தன் அச்சத்தை மறைக்கவில்லை. அதற்கு அடிபணியவும் இல்லை. அதன் காரணத்தைத் தேடினார்.

ஆகவே ஒரு தோட்டத்துப் பாட்டி "மலை முனகுது" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

கனவும் முன்னுணர்வும்

இரண்டாவது வகை, கனவிலும் முன்னுணர்விலும் பேரிடரை முன்பே கண்டதாகச் சொல்வது. இதை அறிவியல் முறையில் ஆராய முயன்றதில் மிகப் பெயர்பெற்ற முயற்சி ஒரு மலைச்சரிவுக்குப் பின்னால்தான் நடந்தது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை ஊருக்கு மேலே மலைமீது மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஏழாம் எண் குவியல் இயற்கையான ஊற்றின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. மழையில் ஊறிய அந்தக் குவியல் கரைந்து பள்ளிக்கூடத்தின் மேல் பாய்ந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் அங்கே போனார். ஊரில் பலர் முன்பே கனவு கண்டதாகப் பேசிக்கொள்வதைக் கேட்டார். பள்ளியில் இறந்த ஒரு சிறுமி, கரிய ஒன்று பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டதாகக் கனவு கண்டேன் என்று முன்னதாகத் தன் தாயிடம் சொன்னதாக ஒரு செய்தியும் அவற்றில் இருந்தது. பார்க்கர் ஒரு லண்டன் நாளிதழ் வழியாக நாடு முழுவதும் இத்தகைய முன்னுணர்வுகளைக் கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. ஆனால் ஒரு தடை இருந்தது. எல்லாக் கடிதமும் நிகழ்ந்த பிறகு எழுதியவை. கனவு முன்பே வந்ததா, துக்கம் அதைப் பின்னால் நெய்ததா என்று எப்படிச் சொல்வது?

நினைவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சான்று. 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, ஏறத்தாழக் கால்வாசிப் பேர் எழுதியது முழுக்கத் தவறாக இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனத்தில் பதிந்ததைத்தான் உறுதியோடு சொன்னார்கள். தங்கள் பழைய கையெழுத்தைக் காட்டியபோதும் அதைவிடப் புதிய நினைவையே நம்பினார்கள்.

பார்க்கருக்கும் இந்தச் சிக்கல் புரிந்தது. ஆகவே 1967இல் முன்னுணர்வுகளை நிகழ்வதற்கு முன்பே பதிந்துவைக்கும் ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். கனவோ உள்ளுணர்வோ வந்தால் உடனே எழுதி அனுப்ப வேண்டும். அங்கே நாளும் நேரமும் போட்டு வைப்பார்கள். பிறகு உலக நிகழ்வோடு ஒத்துப் பார்ப்பார்கள். இந்த முறையை நான் மதிக்கிறேன். முதல் 15 மாதத்தில் 723 முன்னறிவிப்புகள் வந்தன. பலித்ததாகக் கணக்கிட்டவை 18. அவற்றிலும் 12, இரண்டே பேர் அனுப்பியவை.

இந்த 18 ஏன் பலித்தன என்று ஆராய விரும்புவோர் ஆராயட்டும். எனக்கு முக்கியம் வேறு. 18உம் உண்மையாகவே இருந்தாலும், எந்தக் கனவை நம்பி எந்த ஊரை எந்த இரவில் காலி செய்வது? மீதி 705ஐ எப்படிப் பிரித்தறிவது? கனவு வந்தவரின் உள்ளத்தை மதிப்போம். ஊரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கனவிடம் கொடுக்க முடியாது.

விலங்குகள் பற்றியும் இதே அளவுகோல்தான். 2004 சுனாமியின்போது இலங்கையின் யால காட்டில் யானைகள் முன்பே அறிந்து உள்ளே ஓடிவிட்டன என்று உலகமே பேசியது. அப்போது அங்கே செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை அணிந்த யானைகள் இருந்தன. ஆய்வாளர்கள் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். யானைகள் முன்கூட்டி ஓடியதற்கான தடயம் அதில் இல்லை. சீனாவின் ஹைச்செங் நகரை 1975 பிப்ரவரியில் நிலநடுக்கத்துக்கு முன்பே காலி செய்தார்கள். முன்னதிர்வுகளோடு விலங்குகளின் வினோதமான நடத்தையும் காரணம் என்றார்கள். அடுத்த ஆண்டே தாங்ஷான் நிலநடுக்கத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விலங்குக்கு நம்மைவிடக் கூர்மையான புலன் உண்டு, அது அறியலாம். அறிந்ததை நம்பி உட்காரும் அளவுக்குச் சான்று இன்னும் வரவில்லை.

இறந்தவரைக் காண்பது

மூன்றாவது வகை, பேரிடருக்குப் பிறகு வருவது. இறந்தவர் கூப்பிடும் குரல், வாசலில் நிற்கும் உருவம், பக்கத்தில் யாரோ படுத்திருக்கும் உணர்வு, நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய். இங்கே நான் மிகுந்த மரியாதையோடு பேச விரும்புகிறேன்.

1971இல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கிராம மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் கண்டு பேசி எழுதினார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்த துணை தம்மோடு இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். பார்த்தவர்கள் உண்டு, குரல் கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலோர் அதை அதற்குமுன் யாரிடமும் சொல்லியதில்லை. பைத்தியம் என்பார்களோ என்ற பயம்தான். அவர்களுக்குப் பைத்தியமில்லை. பலருக்கு அந்த உணர்வு ஆறுதலாகவே இருந்தது. துக்கத்தின் இயல்பான ஒரு முகம் அது.

2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அழித்தது. இஷினோமாக்கி நகரத்து டாக்சி ஓட்டுநர்களிடையே பேய்ப் பயணிகள் பற்றிய பேச்சு எழுந்தது. தொஹோகு காகுயின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த யூகா குடோ என்ற மாணவி நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களைக் கேட்டார். ஏழு பேர் மனம் திறந்து சொன்னார்கள். கோடைத் தொடக்கத்தில் கனத்த கோட்டு அணிந்து ஏறிய ஒரு பெண், அழிந்துபோன பகுதிக்குப் போகச் சொல்லி, நான் இறந்துவிட்டேனா என்று கேட்டதாகவும், திரும்பிப் பார்த்தபோது இருக்கை வெறுமையாக இருந்ததாகவும் ஒருவர் சொன்னார். மீட்டர் போட்டுவிட்டதால் கட்டணத்தைத் தம் கைக்காசில் கட்டியவர்கள் அவர்கள். பயமா என்று கேட்டால், இல்லை, மறுபடி வந்தால் மறுபடி ஏற்றிக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார்கள். அந்த மாணவி பேய் உண்டா இல்லையா என்று தீர்ப்பு எழுதப் போகவில்லை. ஒரு நகரம் தன் துக்கத்தை எப்படிச் சுமக்கிறது என்று பதிந்தார்.

வயநாட்டு இரவிலும் ஒரு நிகழ்ச்சி. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு மூதாட்டி பேத்தியை இழுத்துக்கொண்டு இருளில் மேட்டுக்கு ஏறினார். எதிரே காட்டு யானை. எங்களை ஒன்றும் செய்யாதே என்று கெஞ்சியதாகவும், யானையின் கண் கலங்கியதாகவும், விடியும்வரை அதன் பக்கத்திலேயே அவர்கள் கிடந்ததாகவும் அவர் சொன்னார். யானை ஏன் நின்றது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த நம்பிக்கை அந்த இரவைக் கடக்க அவரைத் தாங்கியது. அது போதும். அதைப் பிடுங்கிக்கொள்ள அறிவியலுக்கு வேலையில்லை.

இப்படிப்பட்டவர்களைக் கண்டால் நாம் செய்யவேண்டியது தெளிவு. கேளுங்கள். கேலி வேண்டாம். மந்திரவாதியிடம் கூட்டிப்போய்க் காசைக் கரைக்கவும் வேண்டாம். மாதங்கள் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மழைச்சத்தம் கேட்டாலே உடல் நடுங்குகிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் செய்த உளநலப் பணி, பேரிடர் என்பது வீடும் படகும் மட்டும் உடையும் நிகழ்வல்ல என்பதை நம்மவர்க்குக் காட்டியது. இலங்கையின் பகுத்தறிவாளர் டாக்டர் ஏ. டி. கோவூரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். பேய் பிசாசை நிரூபிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டவர். அவர் சவாலோடு நிற்கவில்லை. பேய் பிடித்ததாகத் துன்பப்பட்டவர்களை உட்காரவைத்து அவர்கள் வாழ்க்கையைக் கேட்டார். காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, உறவுக்குள்ளே இருந்தது.

விளங்காதது விளங்காததாகவே இருக்கட்டும்

எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்று நான் சொல்லவில்லை. நம் மலையிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவிலிருந்து நடந்து வெளியே போனார். திரும்பவில்லை. போலீசும் இராணுவமும் பூர்வகுடி வழிகாட்டிகளும் காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். போமோ என்னும் மலாய் மந்திரவாதிகள் பார்த்தார்கள். பீட்டர் ஹர்கோஸ் என்ற ஞானதிருஷ்டிக்காரரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். தாம்சனைக் கம்போடியாவுக்குக் கடத்திவிட்டார்கள் என்றார் அவர். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று வைத்திருப்பதும் அறிவின் பகுதி. இட்டுக்கட்டிய விடை, தேடலை நிறுத்திவிடும்.

பேரிடரில் அப்படி இட்டுக்கட்டும் விடைகளில் மிக ஆபத்தானது ஒன்று உண்டு. "சாமி குத்தம்." முனியாண்டிக்குப் படையல் போடவில்லை, அதனால் மலை இறங்கியது என்கிறோம். நான் யாருடைய பக்தியையும் குறை சொல்லவில்லை. தோட்டத்து எல்லையில் காவலாக நிற்கும் அந்தத் தெய்வத்தைக் கும்பிட்டுத்தான் நம் முன்னோர்கள் காடு வெட்டினார்கள். ஆனால் சாமி குத்தம் என்று சொன்ன அந்த நொடியில், அனுமதியில்லாமல் சரிவை வெட்டியவர் தப்பித்துக்கொள்கிறார். வாய்க்காலை மண்போட்டு மூடியவர் தப்பித்துக்கொள்கிறார். கோப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரும் தப்பித்துக்கொள்கிறார். காவல் தெய்வத்தின்மேல் பழியைப் போட்டு மனிதரைக் காப்பாற்றுவது பக்தி ஆகாது.

ஆராய வேண்டிய உண்மையான புதிர்

அபர்ஃபானுக்குத் திரும்ப வேண்டும். அங்கே கனவு கண்டவர்களைப் பற்றி நூல்கள் வந்துவிட்டன. கனவில்லாமல் விழித்த கண்ணோடு எச்சரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று அந்த வட்டாரப் பொறியாளர் 1963லேயே கடிதம் எழுதினார். பள்ளியில் வெள்ளம் புகுகிறது என்று தாய்மார்கள் மனுக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் மேசையிலிருந்து மேசைக்குப் போயின. பிறகு குழந்தைகள் இறந்தார்கள். விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல் பழி சுமத்தியது.

நம் இரத்தத்துக்கு நெருக்கமான கதையைச் சொல்கிறேன். இலங்கையில் பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை, மலை இறங்கித் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. போவதற்கு வேறு இடமில்லாத மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் இதே கதை. 70 உயிர்கள், பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளாகத் தேயிலைக்குப் போன தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. புளூ வேலியில் இறந்த ஐந்து பேரும் இதே வரிசையில் வருகிறவர்கள். நம் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். மலையின் மிக மோசமான சரிவு எப்போதும் மிகக் குறைந்த கூலிக்காரனுக்குத்தான் வீடாகக் கிடைக்கிறது.

ஆகவே, விளங்காத மனித அனுபவங்களை ஆராய விரும்புவோருக்கு நான் ஒரு புதிரைத் தருகிறேன். தெளிவாக எழுதிக் கையில் கொடுத்த எச்சரிக்கையை மனிதர்கள் ஏன் கேட்பதில்லை? கனவில் வந்த செய்தியை ஆராயும் அக்கறையில் பாதி, மனுவில் வந்த செய்திக்கு ஏன் இல்லை?

நினைவு விதியாக வேண்டும்

விடைக்கு ஒரு வழி இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் இருக்கிறது. 1907இல் அங்கே சுனாமி வந்து பெரும் சாவு. தப்பியவர்கள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, இதுதான் சாரம். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர்.

அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடல்கோள் நமக்குப் புதிதா? பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் இருக்கிறது. கடல் கொண்ட நிலத்தைப் பற்றி உரையாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இழப்பைப் பாடி வைத்தோம். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடி வைக்கவில்லை. கடல் உள்வாங்கியதைப் பார்த்துக் குழந்தைகள் மீன் பொறுக்க இறங்கினார்கள். பெருமைக்குரிய நினைவு நம்மிடம் இருந்தது; காப்பாற்றும் விதி இல்லை.

இந்த மலையில் நமக்கு முன்பிருந்தே வாழும் செமாய் மக்களிடம் அப்படிப்பட்ட விதிகள் உண்டு. விலங்குகளைத் துன்புறுத்தியும் கேலி செய்தும் நடந்தால் இடியும் புயலும் வரும் என்று பிள்ளைகளுக்கு அஞ்சக் கற்பிப்பதை மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் எழுதியிருக்கிறார். இடிக்கு அவர்கள் சொல்லும் காரணத்தை ஏற்காமல் போகலாம். காட்டிடம் அடக்கமாக நடந்துகொள் என்ற பாடத்தை ஏற்காமல் போக முடியாது. எந்த ஓடை எப்போது பொங்கும் என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவியலும் இந்த வழிக்கே வந்திருக்கிறது. மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 முதல் மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்து நீரழுத்தத்தையும் அசைவையும் அளந்து எச்சரிக்கிறது. அது விலையுயர்ந்த ஏற்பாடு. விலையில்லாத ஏற்பாடும் உண்டு. வயநாட்டின் கல்பெட்டாவில் ஹியூம் மையம், விவசாயிகளும் தோட்டத்தாரும் படிக்கும் நூற்றுக்கணக்கான மழைமானிகளின் கணக்கைச் சேர்க்கிறது. முண்டக்கை அழிவதற்கு முன், அருகிலுள்ள புத்துமலையில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அழிவுக்குப் பல மணி நேரம் முன்பே அந்த மையம் எச்சரித்தது. இலங்கையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று படி வைத்திருக்கிறார்கள். இந்த எண்கள் அந்த மண்ணுக்கு உரியவை. நம் மண்ணுக்குரிய எண் நம் பதிவிலிருந்துதான் வர வேண்டும். மலேசியப் பொதுப்பணித் துறையில் சரிவுகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு 2004 முதல் இருக்கிறது. அவர்களிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல் கணக்கோடு போவோம்.

கோலா தெர்லா மக்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். கோயில் முற்றத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று என மழைமானி வையுங்கள். பிள்ளைகள் காலையில் படித்து எழுதட்டும். பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். விரிசல் கண்டவர், கலங்கிய ஊற்றைக் கண்டவர், முனகல் கேட்டவர், மனம் பதறியவர், கனவு கண்டவர் யாராக இருந்தாலும் நாளும் நேரமும் இடமும் போட்டு எழுதுங்கள். கனவை எழுத வெட்கப்பட வேண்டாம். ஆனால் நடப்பதற்கு முன்பே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதைக் கூட்டாகப் படித்து மழைக் கணக்கோடும் சரிவுகளோடும் ஒத்துப் பாருங்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சில ஆண்டுகளில் உங்களுக்கே தெரியும். அந்த நோட்டில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியும் மியன்மார்காரரும் எழுத இடம் கொடுங்கள். சரிவுக்கு மிக அருகில் தூங்குகிறவர் அவர்தான், முதல் அறிகுறியைக் காண்பவரும் அவர்தான். மழை கொட்டும் இரவில் விரிசல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மண் ஆள் பார்த்து, நேரம் பார்த்து இறங்குவதில்லை.

அந்த நோட்டில் உள்ளதை நகலெடுத்து மாவட்ட அலுவலகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நாளை ஒரு விசாரணை நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்யுங்கள். விசாரணையே தேவைப்படாதபடி செய்தால் அதைவிட நன்று. மழைமானி நாளைக்கே வையுங்கள். அக்டோபர் மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.